மணிலாக்காரியின் ஒரே சொல்

நாட்டாண்மை அவர்களே, மணிலாக்காரியைத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் விடக்கூடாது என்று கட்டளை போட்டவர் நீங்கள்தான். எதைக் கேட்டாலும் "யா" என்கிறாள், பைத்தியம் என்றீர்கள். ஸ்பானியர் ஆண்ட மணிலாவில் கடை வைத்திருந்த ராவுத்தர், அங்கே மணமுடித்து நம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்து வந்த பெண் அவள்.

போன மாதம் என் மனைவிக்கு வலி கண்டு, விடிந்தும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவச்சியை அழைத்துவர ராஜபாளையத்துக்கு வண்டி போயிருந்தது. பிரசவம் இழுத்தால் வீட்டில் மூடியதையெல்லாம் திறப்பது நம் வழக்கம். பெட்டி, பானை, கடைசியில் வாசல் கதவு என்று எல்லாவற்றையும் திறந்தேன். அந்தக் கதவு வழியாகத்தான் மணிலாக்காரி வந்தாள்.

"ஏட்டி, வெளிய போ. நாட்டாண்மை ஏசினா ஆரு பதில் சொல்லுதது?" என்றாள் என் அக்கா.

"அவிய வந்து பெத்துத் தருவாகளா? அவ இருக்கட்டும்," என்று உள்ளிருந்து கத்தினாள் என் மனைவி.

நான் வெளியே நின்றேன். "யா, யா" என்று தாலாட்டுப் போல அவள் சொல்ல, மனைவியின் தேம்பல் அடங்கியது. சற்று நேரத்தில் அதே "யா" அதட்டலாக வந்தது. மனைவி மூச்சடக்கி முக்கினாள். குழந்தையின் அழுகை கேட்டதும் இன்னொரு "யா". முடிந்துவிட்டது என்று எனக்கே புரிந்தது.

"அது ஸ்பானியர் பேச்சு. முடிஞ்சதுன்னாலும் அதுதான், இப்பவேன்னாலும் அதுதான், போதும்னாலும் அதுதான்," என்றார் ராவுத்தர் பிறகு.

உங்களுக்கு எத்தனையோ சொற்கள் தெரியும். அவற்றில் எதைச் சொல்லி அன்று என் மனைவியைத் தேற்றியிருப்பீர்கள்? தெருக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்லுங்கள்.