கடந்தவருக்குப் போன தாம்பாளம்

கண்டி மாநகரசபையில் கிளாக்கராக இருந்த வீரசிங்கம், வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பிரசங்கம் செய்வார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் லயத்து வரிசைவீட்டில் வீரையாவாகப் பிறந்தவர் என்பது டவுனில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே மனுஷனுக்குப் பாதி ஆயுள் போயிற்று.

அன்று 'கடந்த நிலை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்.

"ஆற்றைக் கடந்தோம், வருஷத்தைக் கடந்தோம் என்கிறோம். கடந்தது பின்னால் போய்விடும். இறைவனைக் கடந்தவன் என்னும்போது அந்த அர்த்தம் பொருந்தாது. அவன் எதையும் விட்டுவிட்டுப் போனவனில்லை. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பான், எதற்குள்ளும் அடங்கமாட்டான்."

சபை சொக்கிப்போயிற்று. அவரும் கொஞ்சம் சொக்கித்தான் வெளியே வந்தார்.

படியோரம் தங்கச்சி வேலாயி நின்றாள். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, தேங்காய். அவள் மகள் பெரியமனுஷியாகியிருந்தாள். தாய்மாமனைத் தாம்பாளம் வைத்து அழைக்கவேண்டும். அவன் வந்து மாலை போட்டுச் சேலை கொடுத்தால்தான் சடங்கு.

அவள் வாயெடுப்பதற்குள், செருப்பைத் தேடிக்கொண்டு கோயில் தலைவர் திருச்செல்வம் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்; தோட்டத்து ஆட்கள் என்றால் அவருக்கு ஒரு படி கீழேதான்.

"ஆர் இது, வீரசிங்கம்?"

"தோட்டத்து ஆளுங்க. சாமிக்குத் தட்டுக் கொண்டாந்திருக்காங்க."

சொன்ன நாக்குக் கூசியது. கூசி என்ன பிரயோசனம்? கை அதற்குள் தாம்பாளத்தை வாங்கி, வாசலில் நின்ற ஐயரிடம் நீட்டிவிட்டது. வேலாயி அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிள்ளையாரைக் கும்பிட்டு, "ஞாயித்துக்கெழம சடங்கு, சாமி" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலையும் மாலையும் வாங்கிக்கொண்டு மலையேறினார். ஏசுவாள், ஏசட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

லயத்து வாசலில் சடங்கு முடிந்திருந்தது. மாமன் உட்காரவேண்டிய கதிரையில் பிள்ளையார் படம். அந்தப் படத்துக்குப் போட்ட மாலைதான் மருமகள் கழுத்தில் கிடந்தது.

வேலாயி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். முகத்தில் துளிக் கோபம் இல்லை; அதுதான் அவரைக் கொன்றது.

"வாங்கண்ணே. தாம்பாளம் சாமிக்குப் போயிருச்சில்ல, அதான் அவர ஒக்கார வச்சோம். இருங்க, படத்த எடுத்துர்றேன்."

"வேணாம் தாயி, எடுக்காத."

வீரசிங்கம் சேலையையும் மாலையையும் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, வெட்கத்தில் தலை நிமிராமல் தரையில் உட்கார்ந்தார்.

"வரமாட்டீங்கன்னு நெனச்சோம்ண்ணே" என்றாள் வேலாயி. "அவருதான் கூப்பிட்டதும் வந்தாரு."