ராணியைச் சுமந்த சில்லா

சில்லாவின் முதுகில் பதினோரு ஆண்டுகளாக ஓர் அரசி இருந்தாள். அதற்கு முன்பு உப்பு இருந்தது.

சரளகோட்டையில் சுமைகாரர் வீட்டில் பிறந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அரண்மனைச் சேவகன் வந்து கோலால் கதவைத் தட்டினால் கூடையை மாட்டிக்கொண்டு கணவாய் ஏற வேண்டும். கூலி கிடையாது, கட்டிக்கொண்டு போகிற சோறும் சொந்தச் சோறுதான். சில்லாவின் அப்பா அப்படிப் போனவர்தான், பனிச்சரிவில் சிக்கித் திரும்பவில்லை. உப்பு மூட்டையைத் தேட ஆள் அனுப்பினார்கள். அவரைத் தேட யாரும் போகவில்லை. அடுத்த மாதமே, பதினாறு வயதில், சில்லா கூடையை மாட்டினாள்.

அவளுக்கு இருபது வயதானபோது ஜஜ்ஜாதேவி கோட்டைக்கு மருமகளாக வந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே சூம்ப வைத்து, பாதத்தை உள்நோக்கித் திருப்பிவிட்டிருந்தது. முற்பிறவிப் பாவம் என்றார்கள் புரோகிதர்கள். முற்பிறவிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. கோட்டையின் குறுகிய படிக்கட்டுகளில் பல்லக்குத் திரும்பாது. ஆகவே சேவகன் மறுபடி சில்லாவின் கதவைத் தட்டினான்.

முதல் நாள் மேல்மாடம்வரை தூக்கிக்கொண்டு ஏறியபோது, முதுகிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ரொம்பக் கனக்கிறேனா?"

"உப்பும் இதே கனந்தான் ராணிம்மா. என்ன, அது பேசாது."

பின்னால் வந்த தோழிகள் மூச்சை அடக்கினார்கள். ஜஜ்ஜா சிரித்த சிரிப்பில் சில்லாவுக்குக் கால் இடறிற்று.

அன்றிலிருந்து அந்த முதுகின் மேலிருந்தே அரசி நாட்டைப் பார்த்தாள். எந்தக் களஞ்சியத்தில் நெல் குறைகிறது, எந்த வாய்க்காலை எந்தப் பெருநிலக்காரன் மறிக்கிறான் என்று நேரில் போய்க் கண்டாள். பேச்சுக்கு நடுவே சில்லாவின் தோளைக் கிள்ளி, "என்னடி சொல்ற?" என்று கேட்பாள். "பொய் சொல்றான். வாய்க்கால் கரையில ஈரமே இல்ல பாருங்க" என்பாள் சில்லா.

பிறகு ஒரு வசந்தத்தில் ஜஜ்ஜாவின் கணவனான அரசன் இறந்தான். மகனுக்கு நான்கு வயது. இறந்தவனின் தம்பி உத்பலன், "குழந்தைக்கு நானே காவல்" என்றான். எங்கள் மலைகளில் சித்தப்பன் காவலில் வளர்ந்த இளவரசர்கள் இரண்டாம் பனிக்காலத்தைக் கண்டதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஜஜ்ஜாவுக்கும் தெரியும். அரச முத்திரை தன் கையில் இருந்தால்தான் பிள்ளை பிழைப்பான் என்று எண்ணி, அவள் சபையில் எழுந்து, "என் மகன் சார்பில் நானே ஆள்வேன்" என்றாள்.

தலைமைப் புரோகிதர் போகசேனர் தொண்டையைச் செருமினார்.

"ஆளலாம் தாயே. ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கு. முத்திரை அக்கரைக் கோயில்ல இருக்கு. ஆளப்போறவங்க கயித்துப் பாலத்துல தானே கடந்து போய் அத எடுக்கணும். யாரும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது. இன்னிலேர்ந்து மூணாம் நாள்." சற்று நிறுத்தி, இளித்தார். "கடக்க முடியலன்னா, உத்பலர் இருக்கார்."

சபை சிரித்தது. அறைக்குத் திரும்பியதும் ஜஜ்ஜா கையில் கிடைத்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள். அதிலிருந்த அக்ரோட்டுக் கொட்டைகள் நாலாபக்கமும் சிதறின.

"என் பிள்ளையக் கொன்னுட்டாங்க சில்லா. ஒரு காலுக்காகக் கொன்னுட்டாங்க."

சில்லாவோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏண்டி சிரிக்கிற? பைத்தியமா உனக்கு?"

"ராணிம்மா, அந்தப் பாலத்த நம்ம புரோகிதர் எப்படிக் கடப்பார், பாத்திருக்கீங்களா?"

"கயித்துல தொங்குற கூடையில உக்காந்து. ஆளுங்க இழுப்பாங்க."

"உத்பலர்?"

"அவரும் கூடைதான்."

"அதான்! மூணு தலைமுறையா கூடையிலயே போனவங்களுக்கு அது கால் வேலையா கை வேலையான்னு எப்படித் தெரியும்? நான் உப்போட அத நூறு தடவ கடந்திருக்கேன். கால் சும்மா பின்னாடி வரும். உடம்பத் தாங்குறது கையி. இங்க பாருங்க." சில்லா தன் சட்டையைத் தோளிலிருந்து விலக்கினாள். அரசியின் பிடி பதிந்து பதிந்து இரண்டு பக்கமும் தோல் காய்த்துப்போயிருந்தது. "பதினோரு வருஷம் மலையேத்தத்துல தொங்கின கை இது. இந்தக் கோட்டையில எந்த வீரனுக்கு இருக்கு இப்படி ஒரு கை?"

ஜஜ்ஜா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள், யாரோ புதிதாகக் கொடுத்ததுபோல.

மூன்றாம் நாள் காலை, ஆற்றின் இரு கரையிலும் நாடே கூடியிருந்தது. பனி உருகிய வெள்ளம் கீழே பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. பாலம் என்பது மூன்றே கயிறுகள். பூர்ச்ச மரத்துச் சுள்ளிகளை முறுக்கித் திரித்தவை. காலுக்கு ஒன்று, இரு கைக்கும் இரண்டு.

கரைக் கம்பத்தின் அருகே சில்லா அரசியை இறக்கிவிட்டாள். முதுகு சட்டென்று குளிர்ந்தது.

ஜஜ்ஜா கைக்கயிறுகளைப் பற்றினாள். வலது பாதத்தைக் கயிற்றில் வைத்து நகர்த்தினாள். இடது பாதத்தை இழுத்தாள். உள்நோக்கித் திரும்பிய அந்தப் பாதம் கயிற்றைக் கொக்கிபோல் கவ்விக்கொண்டது! நேரான பாதம் வழுக்கும் இடத்தில் கோணல் பாதம் நின்றது. சுமைகாரர் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பத்து அடி. இருபது அடி. போகசேனரின் உதடு மந்திரத்தை விட்டுவிட்டது.

நடு ஆற்றில் கயிறு தாழ்ந்து தொங்கும் இடத்தில் காற்று வந்து அறைந்தது. பாலம் ஒருபுறமாகப் புரண்டது. வலது கால் நழுவி வெறும் வெளியில் ஆடியது. அரசி அசையாமல் தொங்கினாள். உத்பலன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

தொடத்தானே கூடாது, கத்தலாம். சில்லா விளிம்புக்கு ஓடினாள்.

"ராணிம்மா! கீழ பாக்காதீங்க! பதினோரு வருஷம் என் கழுத்த நெரிச்சீங்களே, இப்ப அந்தக் கயித்த நெரிங்க!"

அரசி சிரித்தாளோ அழுதாளோ, தூரத்தில் தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு ஒரு கை முன்னே போனது. மறு கை போனது. சுமைகாரர்கள் ஏற்றத்தில் போடும் "ஹோ... ஹோ..." சத்தத்தை யாரோ ஒருவன் தொடங்க, ஆயிரம் தொண்டைகள் சேர்ந்துகொண்டன. வெள்ளத்தின் இரைச்சலே கேட்கவில்லை. ஒவ்வொரு "ஹோ"வுக்கும் ஒரு கை. கடைசிப் பத்து முழம் மேட்டில், அவள் உடம்பைக் கையாலேயே இழுத்து ஏறி, அக்கரை மண்ணில் குப்புற விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். அந்தக் கையால்தான் முத்திரையை எடுத்தாள். முத்திரை கிடைத்ததும் பிள்ளையின் காவல் அவளுக்கே என்றாகிவிட்டது. உத்பலன் அன்று மாலையே குதிரையேறி எல்லை தாண்டினான்.

சில்லா கயிற்றில் தொங்கிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தபோது, ஜஜ்ஜா கோயில் படியில் உட்கார்ந்து முதல் ஆணையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: இனி இந்த நாட்டில் யார் முதுகிலும் கேட்காமல் சுமை ஏறாது.

கூடையில் வந்து இறங்கிய போகசேனர் பதறினார். "அப்புறம் உப்பு எப்படி வரும் தாயே? கோயிலுக்கு நெய் எப்படி வரும்?"

"கேளுங்க. கூலி குடுங்க. வருவாங்க."

"வர மாட்டேன்னா?"

"நீங்க நடங்க."

பிறகு சில்லாவைப் பார்த்தாள். கிழிந்த கையோடு மறுபடி கயிற்றைப் பிடிக்க முடியாது, போகசேனரின் கூடையில் ஏறவும் மனமில்லை. கோட்டைக்குத் திரும்ப, சுற்றுவழியில் பாதி நாள் ஏற்றம். "தூக்கு" என்று சொல்ல அரசி வாயெடுத்தாள், நிறுத்தினாள். முகம் சிவந்தது.

"சில்லா... என்னத் தூக்கிட்டுப் போறியா?"

சில்லாவிடம் யாரும் இதுவரை சம்மதம் கேட்டதில்லை. சில்லா நிதானமாக ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுற்றிலும் நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வேணாம் ராணிம்மா. கத்திக் கத்தித் தொண்டையும் போச்சு, முதுகும் போச்சு. நாளைக்கு வரேன்."

அன்று இரவு சரளகோட்டையின் அரசி அக்கரைக் கோயில் கொட்டகையில், சுமைகாரர்களோடு கீரைச் சாறும் சோறும் சாப்பிட்டுவிட்டு, வைக்கோலில் படுத்தாள்.