இரண்டு ஆணி, இரண்டு தாள்

கிள்ளானில் ஆற்றோரத்து மதகை இருபத்திரண்டு வருஷமாக ஏற்றி இறக்குகிறவர் கன்னையா. கடல் ஏறினால் மதகை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் தாமான் வீடுகளுக்குள் வந்துவிடும். கடல் வடிந்தால் ஏற்ற வேண்டும், மழைத் தண்ணீர் வெளியே போகும். அவ்வளவுதான் வேலை.

கொட்டகைச் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் மழைத் தாள், இன்னொன்றில் கடல் தாள். இரண்டும் வேறு வேறு ஆபீசிலிருந்து வரும். மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆட்களைக் கிளப்பு. இரண்டையும் சேர்த்துப் பார் என்று ஒரு மகராசனும் சொன்னதில்லை. கன்னையாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல லட்சணமான ஏற்பாடு, போங்கள்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதகுக்குப் பின்னாலிருக்கும் தாமானிலிருந்து அவருடைய அக்கா பவுனம்மாள் போன் செய்தார். முட்டிவலிக்காரி, தனியாக இருந்தவர்.

"தம்பி, மழை நிக்கிற மாதிரி தெரியலை. நான் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடவா? டாக்சி கூப்பிடவா?"

கன்னையா மழைத் தாளைப் பார்த்தார். "மஞ்சள்தான்க்கா. வீட்டுலயே இருங்க லா."

"நீ சொன்னா சரி" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஒரு மணிக்குக் கடல் ஏறத் தொடங்கியது. அந்தத் தாளிலும் மஞ்சள்தான். விதிப்படி கன்னையா மதகை இறக்கினார். மழை விடவில்லை. பெய்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தண்ணீரை இறைக்கும் பம்பு திணறியது. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனபோது தண்ணீர் ஜன்னலுக்கு மேலே நின்றது. அக்காவைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள்.

கன்னையா அழவில்லை. காரியத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தார். மறுநாள் வேலைக்குப் போய், கடல் வடிந்ததும் மதகை ஏற்றினார். "என்னய்யா மனுஷன் இவர்?" என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தடவுவது போல அந்த நாளைத் தடவிப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது.

போன மாதம் செராஸ் பெரிய ஆபீசிலிருந்து விஷ்ணுப்ரியா என்ற ஆபீசர் வந்தார். மழை, கடல், கரைச் சரிவு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஆபத்தைக் கணக்கிடும் புது ஏற்பாடு அவருடையது. இனி ஒரே தாள்.

"ரெண்டும் மஞ்சளா இருந்தா, அண்ணே, நேரா சிவப்பு. மதகை இறக்குறதுக்கு முன்னாலயே ஆளுங்களைக் கிளப்பணும்" என்றார்.

கன்னையா தலையாட்டினார். இவ்வளவு சின்ன விஷயம்.

தாளின் அடியில் ஒரு கட்டம் இருந்தது, முதலில் கூப்பிட வேண்டிய நம்பருக்கு. கன்னையா போனைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார். விஷ்ணுப்ரியா சரிபார்க்க அங்கேயே அழைத்தார். இரண்டு தடவை அழைத்தார்.

"இந்த நம்பர் இப்ப இல்லைன்னு சொல்லுது, அண்ணே. யாரோடது?"

"அக்காவோடது."

ஆபீசருக்குக் கதை தெரியும். பேனாவை எடுத்து அந்த நம்பரை அடிக்கப் போனார். கன்னையா தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அது அங்கயே இருக்கட்டும்மா. நான் முதல்ல அதுக்குப் போன் அடிச்சுட்டு, அப்புறம் மத்தவங்களுக்கு அடிக்கிறேன்."