நீர் ஊறும்வரை நின்றவர்

மகளுக்குக் காய்ச்சல். ஸ்டுட்கார்ட்டில் குழந்தை மருத்துவரின் அறைக்கு வெளியே அவளை மடியில் வைத்துக் காத்திருந்தபோது அழைப்பு வந்தது. "தங்கச்சி, இவர் மோசம் போயிட்டார்," என்றார் அக்கா. அக்காவின் கணவர், என்னுடன் வேலை பார்த்த நீர்வளப் பொறியாளர் யோகநாதன் அண்ணை காலமாகிவிட்டார். மகளை இறுக்கிக்கொண்டேன்.

மதுரையிலிருந்து வந்து அந்தப் பொறியியல் அலுவலகத்தில் சேர்ந்த அன்று அவரை 'சார்' என்றேன். "சார் எண்டா ஆரெண்டு நானும் திரும்பிப் பாப்பன். அண்ணை எண்டு சொல்லுங்கோ," என்றார். யாழ்ப்பாணத்தவர். என் சாம்பாரைச் சுவைத்துவிட்டு, "மிளகாய்த்தூள் போட மறந்திட்டீங்களோ?" என்று சீண்டுவார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ரயில் கம்பெனியின் வேலை வந்தது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பாதை போடுகிறார்கள். பாதையோர நிலத்தடி நீர் முழுவதற்கும் அரசிடம் உரிமை வாங்கியிருந்தார்கள். அதற்குள் ஒரு பழைய கிணறு. ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள் அதை நம்பி வருவார்கள். அவர்களிடம் பத்திரம் ஏது? கிணற்றுக்கு வேலியிட்டு, பாதை போடுபவர்களின் முகாமுக்குக் குழாய் இழுக்கக் கம்பெனி முடிவெடுத்தது. 'கிணறு தாங்கும்' என்ற எங்கள் அறிக்கைதான் பாக்கி.

சோதனைக்கு அண்ணை போனார். பம்பு வைத்து இறைத்ததில் தண்ணீர் தாராளமாக வந்தது. கம்பெனிக்காரர்கள் திருப்தியாக வண்டியேறிவிட்டார்கள். அண்ணை ஏறவில்லை. இறைத்த தண்ணீர் திரும்ப ஊறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில் அங்கிருந்து போன்.

"தங்கச்சி, அனுப்பிப்போடாதேங்கோ. தண்ணி இன்னும் ஏறேல்லை."

"அண்ணை, பாஸ் பக்கத்துலயே நிக்கிறார். இன்னைக்கு அனுப்பலைன்னா ப்ராஜெக்ட் போயிடும். என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல, எங்க விசாவே என் வேலையிலதான் இருக்கு. கைக்குழந்தை வேற."

"ஓம், தெரியும். இஞ்சையும் ஒரு பிள்ளைக்காரி நிக்கிறா. வாளி விட்டவ, சேறுதான் வந்தது. நான் அவவுக்கு என்னத்தைச் சொல்ல?" பிறகு, "போனை அவரிட்டக் குடுங்கோ," என்றார்.

போனைப் பாஸிடம் கொடுத்தேன். அண்ணை ஜெர்மனில் கத்தியது என் மேசைவரை கேட்டது. அறிக்கையைத் தடுத்தது தான்தான், என்னை ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்றார்.

உண்மை நிலவரத்தோடுதான் அறிக்கை போனது. கம்பெனியின் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணைமீது கோபமாகக்கூட இருந்தது. கடைசியில் அவர்கள் கிணற்றை விட்டுவிட்டுத் தொட்டி வண்டிகளில் தண்ணீர் கொண்டுவர முடிவெடுத்தார்கள். எங்கள் வேலை தப்பியது. அண்ணையை மட்டும் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். கலங்கிப்போய் அவர் முன் நின்றேன்.

"என்னத்துக்கு அழுறீங்கள்? இனி நேரத்துக்கு வீட்டை போவன். மனிசிக்குத்தான் கரைச்சல்," என்று அக்காவைச் சொல்லிச் சிரித்தார்.

சேறு தெளிந்து, கிணற்றடியில் நின்ற அந்தப் பெண்ணின் வாளி நிறைந்த பிறகே அவர் விமானம் ஏறினார் என்பதை, இறுதிச் சடங்கன்று அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

இப்போது நினைக்கும்போதெல்லாம், அளவு நாடாவைக் கிணற்றுக்குள் விட்டபடி அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவர் நிற்பதுதான் தெரிகிறது. இதை எழுதும்போது மகள் விழித்துத் தண்ணீர் கேட்டாள். முழுவதையும் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நெற்றி குளிர்ந்திருக்கிறது.

போயிட்டு வாங்கோ, அண்ணை.