அவள் சொன்ன தொண்ணூறு

வாட்ச் அவளிடம்தான் இருந்தது. நான் வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவள். அவள் குவார்ட்டர்ஸ் பெண். முதல் ஷிப்ட் பஸ்கள் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் நேரத்தில் டவுன்ஷிப் மைதானத்தில் சேர்ந்து ஓடுவோம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவள் வாட்சைப் பார்த்து நேரம் சொல்வாள். நான்கு வருடம் இப்படித்தான்.

ஆரம்பத்தில் எனக்கு அடக்கமே கிடையாது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்துவிட்டு, பதினைந்தாம் சுற்றில் நாக்குத் தள்ளி நிற்பேன். பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று. "அடக்குடி, ஓவராப் போற. சுத்துக்குத் தொண்ணூறு செகண்டு. அதவிட வேகமாப் போனா கடைசில படுத்துடுவ" என்பாள். அடக்கினேன். வாட்ச் இல்லாமலே தொண்ணூறு வினாடியில் சுற்றி வரும் அளவுக்குக் கால்கள் பழகிவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

மாவட்ட ஓட்டத் தேர்வில் இருவரும் இறங்கினோம்; ஒருவருக்குத்தான் இடம். மாநிலப் போட்டியில் ஓடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி பிறக்கும். சுரங்கத்தில் காண்ட்ராக்டிலேயே காலம் தள்ளிய அப்பா, அன்று லீவு போட்டுவிட்டு வந்து கம்பியோரம் நின்றார்.

முதல் சுற்று முடிந்ததும் நடுவர் கத்தினார்: "தொண்ணூத்தி மூணு!" தாமதமாக அழுத்திவிட்டார் என்று நினைத்தேன். அடுத்ததும் தொண்ணூற்று மூன்று. அவருடைய வாட்ச் கோளாறு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் அதற்குள் முன்னால் போய்விட்டாள்; பாதி தூரத்தில் கிட்டத்தட்ட அரைச் சுற்று இடைவெளி. பாவம், கடைசியில் படுத்துவிடுவாள் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மாலைகளில் அவள் தனியாக வந்து நிஜத் தொண்ணூற்றில் ஓடிப் பழகியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"இன்னும் ஏம்மா புடிச்சிக்கினு ஓடற? வுடு!" அப்பா தொண்டை கிழியக் கத்தினார். பெற்றவரைவிட அவளை நம்பினேன். கடைசிச் சுற்றில்தான் விட்டுப் பாய்ந்தேன். அவள் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

நேராக அவளிடம் போனேன். "இத்தன நாளா நீ சொன்னது தொண்ணூறா, தொண்ணூத்தி மூணாடி?"

தரையில் உட்கார்ந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "நாலு வருஷத்துல ஒரு நாளாவது வாட்சக் காட்டுன்னு கேட்டியா நீ?"

கேட்கவில்லைதான். துரோகி. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதற்குள் அடங்கிவிட்டது. பத்துச் சுற்று ஓடுகிற தெம்பு உடம்பில் அப்படியே மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டு அப்பா நின்ற பக்கம் நடந்தேன்.