அம்மன் யார் வீட்டுப் பொண்ணு?

வினோதினி என் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் பிரவுசிங் சென்டர். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாளில் ஈ ஓட்டுவோம். அந்த நேரத்தில்தான் அவள் இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுத ஆரம்பித்தாள். சம்பளம் உண்டா என்று கேட்டேன்.

"இல்ல மஹ்பூபாக்கா. யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம்."

அப்படியென்றால் அது சந்தைக்கடைதானே என்று சிரித்தேன். சந்தைக்கடைதான். ஆனால் அங்கே இவள் பேசும் அழகைப் பார்க்கவேண்டும். சாமி, சாதி, மதம் என்று எந்தப் பக்கத்தில் அடிதடி நடந்தாலும் நடுவில் போய் நிற்பாள். எவனோ இவளை முட்டாள் என்று எழுதியிருப்பான். இவளோ, "வணக்கங்க, நீங்க சேர்த்த வரிக்கு ஏதாவது சான்று இருந்தா சொல்லுங்க" என்று பதில் போடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கக்கூடாதா?

"எழுதுன வரியப் பத்தித்தான் பேசணும்க்கா, எழுதுனவரப் பத்திப் பேசக்கூடாது" என்பாள்.

அவள் ஊர் கோட்டுச்சேரிமேடு. அப்பா காத்தமுத்து கடலுக்குப் போகிறவர். உள்ளே தள்ளி நெடுவயல் என்று நெல் விளையும் ஊர் ஒன்று. அங்கே செல்லியம்மன் கோயில். மாசிமகத்தன்று அம்மன் பல்லக்கில் கடற்கரைக்கு வரும். கரையில் மீனவர்கள் தோள் மாற்றி வாங்கிக் கடலில் இறக்குவார்கள். பல்லக்கின் முன்பக்கம் தோள் கொடுக்கும் முறை நாலு குடும்பங்களுக்குள் சுற்றி வரும். போன தடவை காத்தமுத்துவின் முறை வந்தது சுனாமிக்கு அடுத்த மாசியில். அந்த வருஷம் அம்மன் வரவில்லை, ஏன் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் மறுபடி அவர் முறை. தை பிறந்ததுமே புது வேட்டி வாங்கி வைத்துவிட்டார் மனுஷர்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலைக்களஞ்சியத்தில் செல்லியம்மன் கட்டுரையில் சண்டை மூண்டது. வினோதினியின் சித்தப்பா மகன் ஆனந்தராஜ் சிங்கப்பூரிலிருந்து எழுதினான்: "சிலை மீனவர் வலையில் கிடைத்தது. வயல்காரர்கள் பின்னாளில் கைப்பற்றிக்கொண்டார்கள்." நெடுவயல் தர்மகர்த்தா தெட்சிணாமூர்த்தியின் மகன் ஹரிஹரனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அதை அழித்துவிட்டு, "சிலை ஏர் உழும்போது கிடைத்தது. மீனவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று போட்டான். இவன் அழிக்க, அவன் எழுத, ஒரே ரகளை. இரண்டு பேரும் திருவிழாவை எட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆனந்தராஜ் எழுதியதை ஹரிஹரன் பிரிண்ட் எடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தான். தெட்சிணாமூர்த்திக்கு வந்ததே கோபம்! "அம்மன நாங்க திருடுனோமா? இந்த வருஷம் பல்லக்கு கடலுக்கு வராது" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

காத்தமுத்து நேரே என் கடைக்கு வந்தார்.

"நீதானம்மா அதுல பெரிய ஆளாம். அந்தத் தர்மகர்த்தா மகன் எழுதுனத அழிச்சிட்டு நம்ம நியாயத்த எழுது. எழுத்துல இருந்தா அவங்க வந்துதானே ஆகணும்?"

"முடியாதுப்பா" என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

அவர் போனதும் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதினாள்: "வணக்கங்க. நான் கோட்டுச்சேரிமேட்டுப் பெண். இந்த வருஷம் பல்லக்குத் தூக்கும் முறை என் அப்பாவுக்கு. ஒருபக்கமாக எழுதிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. தவறு இருந்தால் திருத்துங்கள்." அப்புறம் முதலில் தன் ஊர்க்காரன் வரியைத்தான் நீக்கினாள். அதற்குப் பிறகுதான் ஹரிஹரனுடையது. நெடுவயல் கோயிலின் கும்பாபிஷேக மலரில் இரண்டு கதையுமே இருந்தன. இன்னார் இப்படிச் சொல்கிறார்கள், இன்னார் அப்படிச் சொல்கிறார்கள் என்று மலரைச் சான்று காட்டி எழுதினாள். அதே மலரிலிருந்து கரை வழக்கத்தையும் சேர்த்தாள்: பல்லக்கு வந்ததும் மீனவர்கள், "யார் வீட்டுப் பொண்ணு வருது?" என்று கேட்பார்கள். நெடுவயல்காரர்கள், "உங்க வீட்டுப் பொண்ணு" என்பார்கள். நீராட்டித் திருப்பித் தரும்போது மீனவர்கள், "உங்க வீட்டுப் பொண்ண பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்பார்கள்.

வீட்டில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். "அவள சாப்பிடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம். கடையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் நடுநிலையத் தூக்கிக் குப்பையில போடு" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் ஹரிஹரனிடமிருந்து பதில் வந்தது. "வணக்கங்க. அந்தக் கேள்வியைச் சின்ன வயசில் கரையில் நின்று கேட்டிருக்கிறேன். மறந்தே போனேன். என் வரியை நீக்கியது சரிதான்." அத்தோடு விடாமல் அப்பாவுக்குப் போன் போட்டு மொத்தப் பக்கத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறான். தெட்சிணாமூர்த்தி கடைசி வரி வரை கேட்டாராம். பிறகு, "அந்த மலர அச்சடிச்சதே நான்தானடா" என்றாராம்.

மாசிமகத்தன்று நானும் கரைக்குப் போயிருந்தேன். புது வேட்டியில் காத்தமுத்து முன்னால் நின்றார். "யார் வீட்டுப் பொண்ணு வருது?" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"உங்க வீட்டுப் பொண்ணுதான், வாங்கிக்கங்க!" என்று தெட்சிணாமூர்த்தி கூட்டத்துக்கு மேல் கத்தினார். காத்தமுத்து தோள் கொடுத்து அலைக்குள் இறங்கியதைப் பார்த்து நான் அழுதேன். வினோதினியோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பக்கத்தைத் திறந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மன் கோட்டுச்சேரிமேட்டுக்கே உரியவள்" என்று ஹரிஹரன் எழுதியிருந்தான். "இல்லை, நெடுவயலுக்கே உரியவள்" என்று ஆனந்தராஜ் மாற்றியிருந்தான். மறுபடியும் இவன் அழிக்க, அவன் எழுத! "வணக்கங்க, இதற்கும் சான்று வேணும்" என்று இரண்டையும் நீக்கினாள்.

அவளை அழைத்துப்போக வந்திருந்த காத்தமுத்து, திரையை எட்டிப் பார்த்தார். "நல்லதத்தானம்மா எழுதியிருக்காங்க, அதையுமா அழிக்கிற?"

"அதையுந்தாம்பா."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இது யார் வீட்டுப் பொண்ணுங்க?"

"உங்க வீட்டுப் பொண்ணுதாண்ணே, பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றேன்.