கிராஃபில் படுத்துக் கிடந்த ஆவணி முதல் வாரம்

இன்று காலை மீட்டிங்கில் இருந்தவர்கள்: என் மருமகள் செல்வராணி, என் அண்ணன் மகன் இளங்கோவன், லேப்டாப்புக்குள் சென்னையிலிருந்து, எங்கள் வெப்சைட் வேலையைப் புதிதாகப் பார்க்கிற பிரவீன் தம்பி, அப்புறம் நான்.

(என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மீட்டிங் என் வீட்டுக் கூடத்தில் நடந்தால் நான் எங்கே போவேன்?)

விஷயம் இதுதான். திருவிடைமருதூர் பக்கம் நாங்கள் பாரம்பரிய விதைநெல் விற்கிறோம். ஒன்றரை வருஷமாக ஆன்லைனில். நடத்துவது செல்வராணி. வீட்டுக்கு வருமானம் அது ஒன்றுதான்.

எங்களுக்குப் பணம் வாங்கித் தருகிற கம்பெனி, பழைய ஏபிஐயைப் புரட்டாசியோடு நிறுத்தப்போகிறதாம். அதற்குள் கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் எல்லாவற்றையும் புது ஏபிஐக்கு மாற்றியாக வேண்டும்.

"ஏபிஐன்னா என்ன தம்பி?"

"நம்ம கடையும் பேங்க்கும் பேசிக்கிற வழி பாட்டி. பழைய வழிய அடைக்கிறாங்க. நாம புது வழிக்குத் திருப்பி விடணும்."

"வாய்க்கா மாதிரின்னு சொல்லேன்!"

மாற்றும்போது நாலைந்து நாள் பணம் கட்டுவதில் தடங்கல் வரலாமாம். அதனால் விற்பனையே இல்லாத வாரமாகப் பார்த்து வைத்திருந்தான் பிரவீன். கிராஃபைக் காட்டினான். கோடு ஏறி இறங்கி வந்து, ஓரிடத்தில் தரையோடு படுத்துக் கிடந்தது.

"ஆகஸ்ட் மூணாவது வாரம். ஆவணி பொறக்குற வாரம் பாட்டி. போன வருஷம் ஒரு ஆர்டர்கூட இல்ல. இதவிட சேஃப்பான வாரம் கிடையாது!"

"கரெக்டுப்பா, அதையே வச்சுக்க" என்றான் இளங்கோவன்.

செல்வராணி குனிந்து ஒரு விதைப் பையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி பிறந்ததும்தான் இங்கே சம்பாவுக்கு நாற்று விடுவார்கள். எங்கள் விதை முக்கால்வாசி போவதே அந்த வாரத்தில்தான். பணம் கட்ட முடியாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். போன வருஷ விதை அத்தனையும் விற்காமல் அரிசியாக அரைக்க மில்லுக்குப் போனது. இந்த வருஷமும் போனால் கடையை மூட வேண்டியதுதான்!

"தம்பி, அந்த வாரம் ஏன் காலியா கெடக்கு தெரியுமா? எம் மவன் செத்துப்போன வாரம் அது. இவ புருஷன். பதினாறு நாளும் கடைய மூடி வச்சிருந்தா."

லேப்டாப்பில் கிராஃப் மறைந்து பிரவீன் முகம் வந்தது.



"சாரி பாட்டி... எனக்குக் கோடு மட்டும்தான் தெரிஞ்சுது. அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வாய் வரல தம்பி" என்றாள் செல்வராணி.

நான்தான் பேசினேன்.

"புரட்டாசி ரெண்டாம் வாரம் வச்சுக்க. எல்லாரும் நாத்து விட்டு முடிச்சிருப்பாங்க. விதை கேட்டு ஒரு ஈ காக்கா வராது."

"சரி பாட்டி. முதல்ல யுபிஐய மட்டும் மாத்துறேன். ரெண்டு நாள் பாத்துட்டு மத்தது. அதுவரைக்கும் பழசும் கூடவே ஓடட்டும்."

(நல்ல பிள்ளை! எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போக முடியாது!)

செல்வராணி அப்போதுதான் நிமிர்ந்தாள். எழுந்து போய் காலண்டரில் வட்டம் போட்டாள்.

பிரவீன்மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை. பாவம், அவனுக்கு எங்களைத் தெரியாது.

ஆனால் என் பிள்ளைக்குத் தோள் கொடுத்துச் சுடுகாடு வரை போனவன், வருஷா வருஷம் ஆவணியில் தானும் நாற்று விடுகிறவன், அந்த வாரத்துக்கே சரி சொல்லிவிட்டு, மீட்டிங் முடிந்ததும் "மறந்துட்டேன் அத்த" என்கிறான். இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை!

உனக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது, இளங்கோவா.